நெஞ்சே நீ வா: வீட்டில் நாள்தோறும் திருமுறை ஓதத் தொடங்குவோருக்கு

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், அதாவது அப்பர், திருவாரூரில் பாடிய ஒரு தாண்டகத்தில் தம்முடைய நெஞ்சையே முன்னால் நிறுத்திப் பேசுகிறார். நிலைபெற வேண்டும் என்று எண்ணினால் ‘நெஞ்சே நீ வா’ என்று அதை அழைத்து, நாள்தோறும் விடிவதற்கு முன் கோயிலுக்குள் சென்று, அலகிட்டு, மெழுக்கிட்டு, பூமாலை தொடுத்து, புகழ்ந்து பாடி, தலையாரக் கும்பிட வேண்டும் என்று செய்ய வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார். அலகிடுதல் என்பது துடைப்பத்தால் கூட்டுதல். மெழுக்கிடுதல் என்பது சாணநீரால் தரையை மெழுகுதல். பாட்டும் கும்பிடுதலும் இவற்றுக்குப் பிறகே வருகின்றன. வழிபாட்டில் மனம் ஒட்டவில்லை என்று வருந்துகிற எவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தப் பாட்டைத்தான். அப்பருக்கே நெஞ்சு தானாக வந்து நிற்கவில்லை. அவர் அதைக் கூப்பிட வேண்டியிருந்தது, அதற்குக் கையில் ஒரு வேலையும் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றாட வாழ்க்கையில் வழிபாட்டைப் பொருளுள்ள ஒரு பகுதியாக்குவது எப்படி என்பதை, எனக்குப் பழக்கமான ஒரு வழியைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். அது சைவ வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் ‘ஓதுதல்’ என்னும் வழி. முதலில் அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு ஒரு தேவை வரும்போது இறைவனிடம் கேட்பது வேண்டுதல். பூவும் நீரும் விளக்கும் கொண்டு செய்வது பூசனை. முன்னோர் பாடிவைத்த ஒரு பாடலை வாயாரச் சொல்லி, அதன் சொற்களை நம்முடைய சொற்களாக ஆக்கிக்கொள்வது ஓதுதல். வேண்டுதலுக்குத் தேவை எழ வேண்டும், பூசனைக்குப் பொருள்கள் வேண்டும். ஓதுதலுக்கு நாவும் நினைவும் போதும். எனவேதான் இது வேலை நிறைந்த வாழ்க்கைக்கு மிகவும் இசைந்த வழிபாடு என்று நான் கருதுகிறேன்.

ஓதப்படும் நூல்களுக்குத் திருமுறை என்று பெயர். அவை மொத்தம் 12. முதல் மூன்றும் திருஞானசம்பந்தர் பாடியவை, அடுத்த மூன்றும் அப்பர் பாடியவை, ஏழாவது சுந்தரர் பாடியது. இந்த ஏழும் சேர்ந்ததே தேவாரம். எட்டாம் திருமுறையில் மாணிக்கவாசகரின் திருவாசகமும், ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும், பத்தாவதாகத் திருமூலரின் திருமந்திரமும், பன்னிரண்டாவதாகச் சேக்கிழாரின் பெரியபுராணமும் அமைந்துள்ளன. தேவாரத்தில் மட்டும் ஏறத்தாழ 800 பதிகங்கள் இருக்கின்றன. ஒரு பதிகத்தில் பெரும்பாலும் பத்து அல்லது பதினொரு பாடல்கள் இருக்கும். இந்த அளவைப் பார்த்துத் தொடங்குபவர் மலைத்துப்போக வேண்டியதில்லை. ஒரே ஒரு பாடலில் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இதே ஓதுதல் எவ்வளவு பெரிய ஏற்பாடாக இருந்தது என்பதை முதலாம் இராசராச சோழனின் கல்வெட்டு ஒன்று காட்டுகிறது. திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், பாடுவதற்கு 48 பேர், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேருக்கு ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கும்படி மன்னன் வகைசெய்தான். அவர்களுள் ஒருவர் இறந்தாலோ ஊர்விட்டுப் போனாலோ அந்த இடத்தில் யார் பாட வேண்டும் என்பதையும் அந்தக் கல்வெட்டு வரையறுக்கிறது. யாருக்கு மனம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்து நடந்த பாட்டு அன்று அது. நாள் பிறந்தால் பாட்டு எழ வேண்டும் என்ற உறுதியின்மேல் நடந்தது. வீட்டில் நெல் அளந்து கொடுக்கவும் ஆள் இல்லை, நமக்குப் பதிலாக ஓதவும் ஆள் இல்லை. ஆகவே அந்த உறுதியை வேறு எதனோடாவது கட்டிவைக்க வேண்டியிருக்கிறது.

எதனோடு கட்டுவது? ஏற்கெனவே தவறாமல் நடந்துகொண்டிருக்கும் வேலைகளோடு. ‘தினமும் அரை மணிநேரம் ஒதுக்குவேன்’ என்று தொடங்கியவர்களில் பலர் ஒரு மாதத்துக்குள் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி விட்டிருக்கிறேன். ஆனால் குளிக்காமல் யாரும் வெளியே கிளம்புவதில்லை, சாப்பிடாமல் நாள் கழிவதில்லை, பொழுது சாய்ந்தால் விளக்குப் போடாமல் இருப்பதில்லை, படுக்காமல் இரவு முடிவதில்லை. குளித்துத் திருநீறு பூசும்போது ஒரு பாடல், மாலையில் விளக்கேற்றியபின் ஒரு பாடல் என்று இரண்டு இடங்களில் மட்டும் ஓதுதலைக் கட்டிவைத்தால், அதற்கென்று தனி நேரம் தேட வேண்டியதில்லை. நம் முன்னோர் இதற்கு நியமம் என்று பெயர் வைத்தார்கள். நியமம் என்ற சொல்லைக் கேட்டதும் கெடுபிடி என்று தோன்றலாம். ஓதலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்கும் சுமையிலிருந்து நம்மை விடுவிப்பதே அதன் பயன்.

திருநீறு பூசுவதையே எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879), வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். மாணவர்களுக்காக அவர் எழுதிய வினாவிடை நூல் இதை மிகத் தெளிவாகச் சொல்கிறது. கிழக்கு அல்லது வடக்கு நோக்கி, நீறு நிலத்தில் சிந்தாமல் அண்ணாந்து, ‘சிவ சிவ’ என்று சொல்லி, வலக்கையின் நடுவிரல் மூன்றினாலும் நெற்றியில் அணிய வேண்டும். இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் இதில் திசை இருக்கிறது, உடலின் நிலை இருக்கிறது, சிந்தக் கூடாது என்ற கவனம் இருக்கிறது, சொல் இருக்கிறது. அவசரத்தில் விரலால் தொட்டு இழுத்துக்கொண்டு ஓடுவதற்கும், அரை நிமிடம் நின்று அண்ணாந்து பூசுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வாரம் செய்துபார்த்தவர்கள் தாமே உணர்வார்கள்.

இனி எந்தப் பாடலைத் தேர்ந்துகொள்வது என்ற கேள்வி. பொருள் புரிகிற பாடலை, அல்லது முயன்று பொருள் தெரிந்துகொண்ட பாடலை மட்டும் முதலில் எடுங்கள் என்பதே என் அறிவுரை. பொருள் தெரியாமல் ஓதினாலும் பயன் உண்டு என்று சொல்லும் பெரியவர்களை நான் மறுக்கவில்லை. ஆனால் தொடங்குபவரின் மனம் அலைவதற்கு முதல் காரணம் அவர் வாயில் இருக்கும் சொல் அவருக்கு ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான். தேவாரத்தில் இந்தத் தடை பெரும்பாலும் புணர்ச்சியால் வருகிறது. சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அச்சிடப்பட்டிருப்பதால் தெரிந்த சொல்கூடத் தெரியாத சொல்லாகத் தோன்றும். பதம் பிரித்துப் படித்தால் பாதித் தடை நீங்கிவிடும்.

அப்பரின் முதல் பதிகம் ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’ என்று தொடங்குகிறது. இதைப் பிரித்தால் ‘கூற்று, ஆயின, ஆறு, விலக்ககிலீர்’ என்று வரும். கூற்று என்றால் இன்றைய வழக்கில் ஒருவர் சொன்ன பேச்சு; இங்கே அது உடலையும் உயிரையும் கூறுபடுத்தும் எமன். ஆறு என்பது ஓடுகிற ஆறும் அன்று, எண்ணும் அன்று. விதம் என்று பொருள். எமனைப் போலவே ஆகிவிட்ட இந்த நோயை நீர் விலக்காமல் இருக்கிறீரே என்பது கருத்து. அடுத்தே, தாம் செய்த கொடுமைகள் எவை என்று தமக்குத் தெரியவில்லை என்கிறார். இவ்வளவும் விளங்கியபின் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் ஒரு மனிதரின் குரல் அதில் கேட்கும். மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் இரவில் எனக்கு இந்த வரி தானாக வந்தது. அந்த நேரத்தில் என் சொந்தச் சொற்கள் எதுவும் வரவில்லை.

இந்தப் பதிகத்தில் தொடங்குபவர் அறிய வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. இது ஒரு முறையீடு. வலிக்கிறது என்கிறார், தாங்க முடியவில்லை என்கிறார், ஏன் விலக்கவில்லை என்று கேட்கிறார். வழிபாட்டின்போது எப்போதும் அமைதியாகவும் நன்றியோடும் இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டு, மனம் கலங்கிய நாட்களில் விளக்கின் முன் உட்காரவே தயங்குகிறோம். கலங்கிய மனத்தோடும் வரலாம் என்பதற்குத் தேவாரத்தின் பெரியவர் ஒருவரே சான்று.

அந்தப் பதிகம் பிறந்த சூழலைச் சேக்கிழார் சொல்லும் விதமும் என் மனத்தை விட்டு அகலாதது. சூலை என்னும் வயிற்று நோயால் துடித்த அப்பர், இரவோடு இரவாகத் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரைத் தேடி வந்து காலில் விழுகிறார். அவர் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுக்கிறார். பின்பு, விடியும் முன் கோயிலுக்குச் செல்லும் தம் வழக்கப்படி, அலகும் மெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு தம்பியையும் அழைத்துச் செல்கிறார். அன்று தமிழுக்கு எத்தனை பெரிய பாடகர் கிடைக்கப்போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. திலகவதியார் ஒவ்வொரு நாளும் செய்த வேலையைத்தான் அன்றும் செய்யப் போனார். பின்னாளில் அப்பர் தம் நெஞ்சிடம் அலகிடு, மெழுக்கிடு என்று சொல்லும்போது, தமக்கையின் கையில் பார்த்த துடைப்பத்தைத்தான் சொல்கிறார் என்று நான் எண்ணிக்கொள்வேன். வீட்டில் வழிபாட்டைத் தாங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே. விளக்கைத் துலக்குவதும் திரி திரிப்பதும் பூ பறித்துக் கழுவி வைப்பதும் வழிபாட்டுக்கு முன்னேற்பாடு என்று கருதி அவர்கள் தலையில் விட்டுவிட்டு, பாட்டுக்கு மட்டும் வந்து நிற்பவர்கள் வழிபாட்டில் பாதியை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். கைக்கு அந்த வேலை இருக்கும்போது மனம் அலைவது தானே குறையும்.

இராகம் தெரியாதே என்று தயங்குபவர்கள் உண்டு. கோயில்களில் ஓதுவார்கள் பண்ணோடு பாடுகிறார்கள். பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று பொழுதுக்கேற்பப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக் கற்க வாய்ப்பு இருந்தால் அது பெரும் பேறு. வாய்ப்பு இல்லாதவர் சொற்களைத் திருத்தமாக உச்சரித்தாலே போதும். லகர, ளகர, ழகர வேறுபாடும், றகர, ரகர வேறுபாடும் சிதையாமல் ஓதுவது முதல் படி.

குரலின் அளவுக்கும் மரபில் ஒரு பிரிவு உண்டு. மந்திரத்தைச் சொல்வதில் பிறர் காதில் விழும்படி சொல்வது வாசகம். நா அசைந்து தன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொல்வது உபாஞ்சு. நாவும் அசையாமல் மனத்துக்குள் சொல்வது மானதம். அன்றாட வாழ்க்கைக்கு இந்தப் பிரிவு பேருதவி. காலையில் வீட்டில் வாசகமாக ஓதிய அதே பாடலைப் பேருந்தில் நின்றுகொண்டே உபாஞ்சுவாகவும், அலுவலகத்தில் ஒரு கடினமான கூட்டத்துக்குள் நுழையும் முன் மானதமாகவும் சொல்லலாம். ஆனால் தொடங்குபவர் மானதத்தில் தொடங்கக் கூடாது. மனத்துக்குள் சொல்லும்போது பாட்டு எங்கே நின்றது, நினைப்பு எங்கே நுழைந்தது என்று தெரியாமலே போகும். சில மாதங்களாவது வாய்விட்டு ஓதி, சொற்கள் நாவில் படிந்தபின் மெல்ல உள்ளே கொண்டுபோவதே இயல்பான வரிசை.

ஒரு பாடல் நன்றாக நாவில் நின்றபின் பஞ்சபுராணம் என்னும் முறைக்கு வரலாம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாடலாக, இதே வரிசையில் ஓதுவது அது. தொடக்கத்திலும் முடிவிலும் ‘திருச்சிற்றம்பலம்’ என்று சொல்வார்கள். நிதானமாக ஓதினாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்து வழக்கில் இந்த ஐந்தோடு ஒரு திருப்புகழும், இறுதியில் கந்தபுராணத்து வாழ்த்துப் பாடலும் சேரும். மேகம் தவறாமல் பெய்யட்டும், வளம் சுரக்கட்டும், மன்னன் முறைதவறாமல் ஆளட்டும், உயிர்கள் குறைவில்லாமல் வாழட்டும் என்று வேண்டும் பாடல் அது. அதில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை. என் நோய், என் பிள்ளை, என் வேலை என்று தொடங்கிய ஒருவரை மழையையும் எல்லா உயிர்களையும் நினைத்தபடி எழுந்திருக்க வைக்கிறது இந்த வரிசை. இதை வகுத்தவர்கள் மனித மனத்தை நன்கு அறிந்தவர்கள்.

ஓதும்போது மனம் சிதறுகிறவர்களுக்கு அப்பரின் அங்கமாலை என்னும் பதிகத்தை நான் குறிப்பாகச் சொல்வேன். அதில் அவர் தலையைக் கூப்பிட்டு வணங்கச் சொல்கிறார். கண்களைக் காணச் சொல்கிறார், செவிகளைக் கேட்கச் சொல்கிறார். பிறகு மூக்கு, வாய், நெஞ்சு, கைகள் என்று ஒவ்வோர் உறுப்பாக அழைத்து அதனதன் வேலையைக் கொடுத்துக்கொண்டு கால்கள்வரை வருகிறார். ஒவ்வொரு பாடலிலும் அந்த உறுப்பின்மேல் நினைவை வைத்து ஓதினால், சிதறிய மனம் அடுத்த பாடலில் திரும்பி வருவதற்கு ஓர் இடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பாடல் என்று எடுத்துக்கொள்வதும் நல்லது. கண்ணைப் பற்றிய பாடலை ஓதிய நாளில், அன்று முழுதும் இந்தக் கண் எதையெதைப் பார்க்கிறது என்ற நினைவு இருந்துகொண்டே இருப்பதை நான் கண்டிருக்கிறேன். கைப்பேசியைத் தேவையில்லாமல் எடுத்த கை பலமுறை தயங்கியிருக்கிறது.

இப்படிப் பாட்டிலிருந்து நாளுக்குள் இறங்குவதைத்தான் திருமூலரும் நான்கே வரிகளில் சொல்கிறார். எல்லோராலும் முடிந்தவை என்று அவர் நான்கைச் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை இடுவது, பசுவுக்கு ஒரு வாய் புல் கொடுப்பது, உண்ணும்போது ஒரு கைப்பிடி பிறருக்கு அளிப்பது, பிறரிடம் இனிய சொல் பேசுவது. ஒரு பாடலைக்கூட மனப்பாடம் செய்ய இயலாதவருக்கும் இந்த நான்கும் இயலும். பச்சிலைக்குத் துளசியோ வில்வமோ வீட்டுத் தொட்டியில் இருக்கிற வேறு இலையோ போதும். பசு இல்லாத நகரத்தில் மாடியில் பறவைகளுக்கு வைக்கும் நீரும் தானியமும் அந்த இடத்துக்கு வரலாம் என்பது என் கருத்து. உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்து, சேர்ந்தபின் தேவைப்பட்டவருக்குக் கொடுக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நான்காவதுதான் கடினமானது. அதற்குப் பணம் வேண்டாம், பொருள் வேண்டாம். ஆனால் காலையில் திருவாசகம் ஓதிய வாயே வீட்டில் வேலைசெய்ய வருபவரிடமோ பிள்ளைகளிடமோ கடிந்து பேசிவிடுகிறது. அப்படிப் பேசிய நாளில் மாலை விளக்கின் முன் அதை நினைத்து வருந்துவதும் ஓதுதலின் பகுதியே என்று நான் கொள்கிறேன்.

விட்டுப்போன நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயணம், நோய், சாவு வீடு, தேர்வு என்று எத்தனையோ காரணங்களால் நியமம் அறுந்துபோகும். அறுந்ததைக் கணக்கிட்டு ஈடுசெய்ய முயல வேண்டாம். மறுநாள் அதே இடத்தில், அதே பாடலில் தொடங்கினால் போதும். விளக்கு வைக்கவே இடமில்லாத அறையில் தங்க நேர்ந்தவர்கள் பூசலாரை நினைத்துக்கொள்ளலாம். திருநின்றவூரில் வாழ்ந்த அவர், கோயில் கட்டப் பொருள் தேடியும் கிடைக்காமல், மனத்துக்குள்ளேயே நாள் பார்த்து, அடித்தளம் இட்டு, ஒவ்வொரு பகுதியாக எழுப்பி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் தான் எழுப்பிய கற்கோயிலுக்கு நாள் வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, அன்று நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்குள் புகப் போவதாகச் சொல்லி மன்னனைப் பின்னொரு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார் என்கிறது பெரியபுராணம். பூசலார் மனத்தில் கட்டும்போதும் வரிசையை விடவில்லை, நாள் பார்ப்பதை விடவில்லை என்பது நான் மீண்டும் மீண்டும் எண்ணிப்பார்க்கும் செய்தி. பொருள் இல்லாத இடத்திலும் அவரிடம் முறை இருந்தது.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அவர்களை உட்கார வைத்து ஓதச் சொல்வதைவிட, அவர்கள் காதில் விழும்படி பெரியவர்கள் ஓதுவது நல்லது. முதல் சில மாதங்கள் அவர்களுக்கு விளக்கேற்றவும் மணி அடிக்கவும் திருநீற்றுத் தட்டை நீட்டவும் மட்டும் கொடுத்தால் போதும். பிறகு ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதோ செருப்பை மாட்டும்போதோ, கூற்று என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கும். அப்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, வயிற்றுவலியோடு தமக்கையைத் தேடி இரவில் நடந்து வந்த ஒரு தம்பியின் கதையை, அந்தத் துடைப்பத்தையும் தோண்டியையும் விட்டுவிடாமல், முழுவதுமாகச் சொல்லுங்கள்.